கௌசல்யாவும் கெளசல்யாவும்

கிடைத்துவிட்டது. இதோடு ஐந்து தடவை சொல்லியாயிற்று, இரண்டு தடவை வாய்விட்டு. ஏசி சத்தத்தைத் தவிர இந்த அறையில் கேட்க ஆளில்லை என்பதால் அதில் வெட்கமும் இல்லை. திரையில் எண் மாறுகிறது, ஐம்பத்து மூன்றில் நான்கு. நான்காவது ஒலிப்பதிவு திரும்பி வந்துவிட்டது, ஐந்தாவது வந்துகொண்டிருக்கிறது. மணி பத்து இருபத்தைந்து. பழைய பெட்டி, பழைய கேபிள், முழுதும் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். இந்தப் பதிவுகளுக்குச் சொந்தக்காரி கௌசல்யா பதினொன்றேகாலுக்கு வருவாள், அதற்குள் முடிந்துவிடும், முடியாவிட்டால் வாசலில் நிறுத்தி ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாம், பேச்சுக்கா எனக்குப் பஞ்சம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் பசிக்கிறது. குற்றாலிங்கம், ஐம்பத்தொரு வயது, பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான ஒலி நூலகத்தில் பதினேழு வருஷமாக சர்வர் பார்க்கிறவன், ஒரு பெண்ணின் இரண்டு வருஷ உழைப்பை ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அழித்தவன், வியாழக்கிழமை காலையில் அதைத் திரும்பப் பெற்றவன். கடைசியில் சொன்னதை மட்டும் நினைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், மனசு நடுவில் இருப்பதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஐந்து வந்துவிட்டது.

மேசையில் அந்தத் தாள் கிடக்கிறது. செயலாளர் சகாயமேரி அம்மா கேட்ட தாள். விண்டோஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மூன்று இயங்குதளத்தில் நம் சர்வருக்கு எது நல்லது, ஒரே பக்கத்தில், எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்க லிங்கம் சார். மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். விண்டோஸ் என்ற கட்டத்தில், எல்லோருக்கும் பழக்கம், எதைத் தொட்டாலும் நிச்சயமாகவா என்று ஒருமுறை கேட்கும் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு எப்போதும் எரிச்சல். நிச்சயமில்லாமலா ஐயா அழுத்துகிறேன் என்று திரையைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். இனிமேல் ஆயுசுக்கும் திட்டமாட்டேன். லினக்ஸ் கட்டத்தில், சொன்னதைச் செய்யும், கேள்வி கேட்காது, மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும், திரையே தேவையில்லை. இந்தத் திரை தேவையில்லை என்பதைத்தான் நான் பெரிய சங்கதியாக நினைத்தேன். எழுத்தில் கட்டளை போடு, எழுத்தில் பதில் வரும், அதை வாசிப்பு இயந்திரம் சத்தமாகச் சொல்லும், படத்தைப் பார்த்துக் கிளிக் செய்ய வேண்டியதில்லை. பார்வையில்லாத கௌசல்யா உட்கார்ந்தால் எனக்குச் சமமாக சர்வரில் வேலை செய்வாள். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பார்வை கிடையாது, அவர்களுக்கு எதற்கய்யா வண்ணப் படமும் ஜன்னலும் என்று கூட்டத்தில் பேசி, இரண்டு பேர் கைதட்டி, லினக்ஸுக்கு மாறலாம் என்று முடிவாயிற்று. மூன்றாவது, ஃப்ரீபிஎஸ்டி கட்டத்தில் ஒரே வரிதான். பழைய நகல் பெட்டி, யாரும் பயன்படுத்துவதில்லை, அகற்றிவிடலாம். என் கையெழுத்துதான். அந்தப் பெட்டியிலிருந்துதான் இப்போது ஆறாவது பதிவு வருகிறது.

திங்கட்கிழமை என்ன நடந்தது. எத்தனை தடவை நினைத்தாலும் அது ஒரே மாதிரிதான் நடக்கிறது. பழைய விண்டோஸ் சர்வரில் நானூறு சொச்சம் ஃபோல்டர்கள், ஆளுக்கு ஒன்று என்று பேர், ஆனால் அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு நகல் எடுத்து வெவ்வேறு இடத்தில் போட்டு வைத்திருந்தார்கள், ஒருத்தர் செல்வி என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில், இன்னொருத்தர் சின்ன எழுத்தில். விண்டோஸுக்கு இரண்டும் ஒரே பெயர். லினக்ஸ் அப்படி விடாது. பெரிய எழுத்து செல்வி வேறு, சின்ன எழுத்து செல்வி வேறு. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததும் ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. முதல் முப்பது ஜோடியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன், நியாயமாகவே பார்த்தேன், அத்தனையும் அச்சு அசலாக ஒரே சரக்கு. அப்புறம் திறக்கவில்லை. கை பழகிவிட்டது. கீழே இருப்பதைத் தேர்ந்தெடு, அழி, அடுத்தது. காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்தவன், மத்தியானம் பன்னிரண்டரை, பசி. கெளசல்யா, கௌசல்யா. இரண்டும் தமிழில். இதென்னடா தமிழிலும் பெரிய எழுத்து சின்ன எழுத்து வந்துவிட்டதா என்று நினைத்தேன். நினைத்துச் சிரித்தும் வைத்தேன். சிரித்துக்கொண்டே கீழே இருந்ததை அழித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாது, விண்டோஸிலும் முடியாது, லினக்ஸிலும் முடியாது, அந்தப் பழைய பெட்டியிலும் முடியாது. இது முதல் நாள் பாடம். இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது என்றால் இரண்டும் வேறு வேறு பெயர் என்றுதான் அர்த்தம், என் கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும். பதினேழு வருஷ சர்வீஸுக்கு இது தோன்றவில்லை. திறந்து பார்க்க நான்கு விநாடி ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிந்தது. சும்மா ஒரு திருப்திக்காக அவள் ஃபோல்டரைத் திறந்தேன், ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை, ஏதோ ஸ்கேன் செய்த தாள்கள் பதினொன்று கிடந்தன. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். இப்படித் திறந்து திறந்து மூடினால் வந்துவிடும் என்று நினைக்கிற அளவுக்கு மனுஷன் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறான். பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க்கைச் சனிக்கிழமையே துடைத்து கம்ப்யூட்டர் லேபுக்குக் கொடுத்தாயிற்று, கொடுத்தது நான். நகல் பெட்டியில் போய்ப் பார்த்தேன், அது ஒவ்வொரு ராத்திரியும் சர்வரைப் பார்த்து அப்படியே தன்னை மாற்றிக்கொள்ளும், திங்கள் ராத்திரியே நல்ல பிள்ளையாக அதுவும் அழித்துவிட்டிருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். ஏன் சாப்பிடல என்று மனைவி ராஜேஸ்வரி கேட்டதற்குப் பல்வலி என்றேன், அவள் கிராம்பு எடுத்துக் கொடுத்தாள், வலிக்காத பல்லில் கிராம்பை வைத்துக்கொண்டு டிவி பார்த்தேன். நேற்றுப் புதன்கிழமை கௌசல்யா வந்தாள். ஹெட்ஃபோன் கருவியைக் காதில் மாட்டி, நான்கு சாவியைத் தட்டி, தலையைச் சாய்த்தாள். சார், என் ஃபோல்டர் பேர யாரு மாத்துனா, கெ, ள, சல்யான்னு வாசிக்குது. என் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தது. கௌசல்யா என்றுதான் தெரிந்தது. எங்கேம்மா, சரியாத்தான இருக்கு என்றேன். இல்ல சார், கேட்டுப் பாருங்க. கருவியை என் காதில் வைத்தாள். கெளசல்யா, என்றது இயந்திரம், கெளுத்தி என்று சொல்கிறபோது வருகிற கெ, அப்புறம் பள்ளத்தில் வருகிற ள. சர்வர் மாறுதுல்லாம்மா, இன்னும் முழுசா வரல, வியாழக்கிழமை வந்துரும் என்றேன். சரி சார் என்று போய்விட்டாள். பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை, வியாழக்கிழமை என்று நாள் குறித்தேனே, அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பதினாறு வந்துவிட்டது. நேற்று அவள் போன பிறகு இயந்திரத்தையே கேட்டேன், கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணினால் இந்தப் பெயரில் எத்தனை குறி என்று. எட்டு என்றது. சரியான கௌசல்யாவுக்கு ஏழுதான் வர வேண்டும். இந்தப் பெயரை அடித்தது யார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் தொண்ணூறில் டைப்ரைட்டிங் படித்தவன், தமிழ் ஹையர் முதல் வகுப்பு. அந்த மெஷினில் ஔகாரத்துக்குச் சாவியே கிடையாது. ஒற்றைக் கொம்பை அடி, க அடி, ள அடி, கௌ வந்துவிடும், தாளில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது, வாத்தியாரே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். கொம்பும் ளவும் சேர்ந்தால் அந்த எழுத்து மாதிரியே இருக்கும், மாதிரி என்ன மாதிரி, கண்ணுக்கு அதேதான். மை பட்ட தாளுக்கு அது போதும். சர்வருக்கு அது வேறு பெயர். முப்பது வருஷத்துக்கு மேலாக மௌனம், பௌர்ணமி, கௌரவம், எல்லாவற்றையும் கொம்பும் ளவுமாகவே அடித்து வந்திருக்கிறேன், கண்ணுள்ளவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கௌசல்யா தன் ஃபோல்டருக்குத் தானே பெயர் அடித்தாள், சரியான சாவியில். அலுவலகத் தாள்களுக்கு அவள் பெயரில் நான் ஒன்று ஆரம்பித்தேன், என் சாவியில். இரண்டு பெயரும் தனித்தனி இடத்தில் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. லினக்ஸை ஏன் குற்றம் சொல்ல வேண்டும், விண்டோஸாக இருந்தாலும் இரண்டையும் இரண்டாகத்தான் வைத்திருக்கும். குற்றம் சொல்ல ஆள் தேடி மூன்று சிஸ்டத்தையும் சுற்றி வந்தேன் என்பது உண்மை. அந்த மூன்று கட்டத்தில் நான்காவது கட்டம் ஒன்று போட வேண்டியதுதான், குற்றாலிங்கம் என்று தலைப்பு கொடுத்து.

இருபத்திரண்டு. அந்தப் பெட்டி எனக்கு முன்னால் இருக்கிறது, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், மேலே தூசி. எனக்குக் கீழே வேலை பார்த்த சேவியர் அமைத்தது, நான்கு வருஷத்துக்கு முன்னால் மஸ்கட் போய்விட்டான். ஃப்ரீபிஎஸ்டிக்கு அடையாளம் ஒரு சிவப்புக் குட்டிப் பிசாசு, கொம்பு, வால், கையில் சூலாயுதம். அந்த ஸ்டிக்கரைப் பெட்டி முகப்பில் ஒட்டி வைத்திருந்தான். சகாயமேரி அம்மா முதல் நாள் வந்து பார்த்துவிட்டு, கண்ணு தெரியாத பிள்ளைங்க வார இடத்துல இது என்னத்துக்கு என்று, பதில் வருவதற்குள் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றி அதன் மேல் மாட்டிவிட்டுப் போனார். கண் தெரியாதவர்களை அந்தப் படம் என்ன செய்யும் என்று சேவியர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அது பிசாசுப் பெட்டி. போன வெள்ளிக்கிழமை அதை நிறுத்தி ஓரங்கட்டத்தான் இருந்தேன். ப்ளக் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பீரோவை நகர்த்த வேண்டும், இடுப்பு வலி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வீட்டில், அலுவலகத்தில், எல்லோரும் ஏசுகிற என் சோம்பேறித்தனத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருக்கிறது. இன்று காலை பத்து மணிக்கு சேவியரை ஃபோனில் கூப்பிட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கூப்பிட்டேன், இரண்டு நாள் கூப்பிடாமல் இருந்ததற்குக் காரணமும் அந்த வெட்கம்தான். அண்ணாச்சி, பதறாதீங்க, அந்தப் பெட்டிய இன்னும் ஆஃப் பண்ணலைல்லா என்றான். பண்ணலடே. அப்பம்னா அது உள்ளதான் இருக்கு என்றான். எங்கடே இருக்கு, நாந்தான் பாத்தேம்லா, ஒண்ணும் இல்ல. பாத்தா தெரியாது அண்ணாச்சி, லிஸ்ட்ல வராது. நான் சொல்லுத பேர அடிச்சு உள்ள போங்க, தொறக்கும். ஒவ்வொரு ராத்திரியும் இருந்தது அப்படியே தனித்தனியா இருக்கும், ஞாயித்துக்கிழமை நகலுக்குள்ள போங்க. இத ஏண்டே எங்கிட்ட சொல்லாமப் போன. சொன்னேன் அண்ணாச்சி, பிசாசுக் கதை சொல்லாதடேன்னுட்டு நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க.

அவன் சொன்ன பெயரை அடித்தேன். பட்டியலில் இல்லாத இடம் திறந்தது. தேதி தேதியாக வரிசை, ஞாயிற்றுக்கிழமை, உள்ளே போனால் இரண்டு பெயர், கெளசல்யா, கௌசல்யா. இந்தத் தடவை இரண்டையும் திறந்தேன். ஐம்பத்து மூன்று பதிவுகள் இருந்தன. எழுந்து நின்றேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, மறுபடி உட்கார்ந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டு இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னேன். இப்போது முப்பது. முப்பத்தொன்று தொடங்குகிறது. முப்பத்தொன்று பேச்சியம்மாள். எனக்கு எண்ணோடு மனப்பாடமாகிவிட்டது, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய பட்டியல் இரண்டு நாளாக என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கௌசல்யா முனைவர் பட்டத்துக்குப் பீடி சுற்றும் பெண்களைப் பேட்டி எடுக்கிறாள். முக்கூடல் பக்கம் ஒவ்வொரு வீடாகத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போய், தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் சுற்றிக்கொண்டே பேச, இவள் பதிவு செய்துகொண்டு வருவாள். இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் பதிவு முழுக்கக் கேட்கும், அதை எடுத்துவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன், வேண்டாம் சார், அதை வச்சுத்தான் அவங்க எப்பம் நிறுத்துதாங்கன்னு தெரியும் என்றாள். மற்ற ஐம்பத்திரண்டு பேரிடம் மறுபடி போய்க் கேட்கலாம், கஷ்டம்தான், கேட்கலாம். பேச்சியம்மாள் கார்த்திகை மாதம் இறந்துவிட்டார். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை நான் பசியோடு, சிரித்துக்கொண்டு, ஒரு விரலால். நேற்று ராத்திரி படுக்கையில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கௌசல்யா முன்னால் நின்று இதைச் சொல்வது எப்படி என்று. பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தொழில்நுட்பக் கோளாறு என்று ஒன்று. வைரஸ் என்று ஒன்று. வைரஸ் என்று சொல்லலாம் என்று நிஜமாகவே முடிவு செய்து அதற்கப்புறம்தான் தூக்கம் வந்தது, இதையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தொன்று மெதுவாக வருகிறது, பெரிய கோப்பு. வந்துவிட்டது. வந்துவிட்டார்.

இனி ஏன் சொல்ல வேண்டும். இதுதான் இப்போது ஓடுகிறது, நிம்மதி வந்ததும் பின்னாலேயே இதுவும் வந்துவிட்டது. போனது திரும்பி வந்தது, யாருக்கும் நஷ்டமில்லை. சொன்னால் சகாயமேரி அம்மாவுக்குப் போகும், அம்மா குழுவில் சொல்வார், லினக்ஸ் வந்த ஒரே வாரத்தில் இரண்டு வருஷப் பதிவு போச்சாமே என்று பேச்சாகும், நான் கட்டிய கோட்டை கவிழும். வியாழக்கிழமை வரும் என்றேன், வந்துவிட்டது, சொன்ன சொல் காப்பாற்றினேன் என்றுகூட ஆகிவிடும். நல்ல ஏற்பாடுதான். நாற்பது. டீக்கடைப் பையன் வருகிற நேரம், இன்றைக்கு இரண்டு வடையும் சொல்ல வேண்டும். நாற்பத்தொன்று. சும்மா உட்கார முடியவில்லை, இருக்கிற அந்த இன்னொரு கெளசல்யாவைத் திறந்தேன், நான் தொடங்கிய ஃபோல்டர், பதினொரு ஸ்கேன் தாள். செவ்வாய்க்கிழமை எண்ணினேனே தவிர பார்க்கவில்லை. ஊனச் சான்றிதழ். அடுத்தது விடுதி விண்ணப்பம். அடுத்தது ஊனச் சான்றிதழ், அதே சான்றிதழ். ரேஷன் அட்டை. மறுபடி சான்றிதழ். அதே எண், அதே டாக்டர் கையெழுத்து, அதே மூலையில் அதே மடிப்பு. ஆறு தடவை இருந்தது. ஆறையும் ஸ்கேன் செய்தது நான்தான், விடுதி இடத்தைப் புதுப்பிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வருஷம். ஒருமுறை கோபமாகவே கேட்டிருக்கிறேன். எத்தன தடவம்மா இதையே கொண்டு வருவ, எங்களுக்கு வேற சோலி இல்லையா. சிஸ்டத்துல இல்லங்காங்க சார், மறுபடி கொண்டாரச் சொல்லுதாங்க என்றாள். எல்லாம் இருக்கும், அவங்களுக்குத் தேடத் தெரியாது என்று விடுதி அலுவலகத்தை ஏசினேன். விடுதி அலுவலகமும் எங்கள் சர்வரில்தான் தேடும். அங்கே இருக்கிற பெண் புதுக்காலத்துப் பெண், ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழாகிற முறை, அவள் அடித்தால் சரியான கௌ விழும். சரியான கௌவைப் போட்டுத் தேடினால் என் கெ-ளவில் இருப்பது எப்படிக் கிடைக்கும். அவர்களுக்குத் தேடத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அந்தப் பெண்ணின் பெயரை எழுதத் தெரியவில்லை.

சான்றிதழின் அசல் அவள் வீட்டில், ஆலங்குளத்தைத் தாண்டி ஒரு ஊர். விடுதியில் வைத்தால் தொலைந்துவிடும் என்று அவள் அம்மா கொடுப்பதில்லை என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். ஆக ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி, ஒரு நாள் வகுப்பையோ வேலையையோ விட்டு, போய், எடுத்து, வந்து, என்னிடம் கொடுத்து, என்னிடம் ஏச்சும் வாங்கி, பிறகு வீட்டில் திருப்பி வைக்க இன்னொரு நடை. ஆறு தடவை. அடுத்தது அடுத்த மாதம் வரும். ஐம்பது. பதிவுகளை அழித்தது ஒரு நாள் புத்திக் கோளாறு, அதற்கு மன்னிப்புக்கூட உண்டு. இது மூன்று வருஷமாக நான் சரி என்று நினைத்துச் செய்துகொண்டிருந்த வேலை. இதைச் சொல்லாமல் விட்டால் அவள் ஏழாவது தடவை பஸ் ஏறுவாள். இதைச் சொன்னால் இரண்டு பெயர் கதையைச் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும், ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாம் கூடவே வருகிறது. ஐம்பத்து மூன்று. முடிந்தது என்று ஒரு வரி வந்து நின்றது. பயம் போன இடத்தில் வேறு என்னவோ இருந்தது, ஆனால் மூச்சு விட முடிந்தது. வெளியே தரையில் கோல் தட்டுகிற சத்தம். பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள்.

“பதிவெல்லாம் வந்துட்டா சார்?” என்றாள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே. வந்துட்டும்மா, உக்காரு என்றேன். உட்கார்ந்து, கருவியை மாட்டி, தட்டினாள். முகம் மலர்ந்தது. விரல் கீழ்நோக்கி ஒவ்வொன்றாகப் போயிற்று, உதடு எண்ணியது, ஒரு இடத்தில் நின்று கொஞ்சம் கேட்டாள், எது என்று நான் கேட்கவில்லை. “அம்பத்தி மூணும் இருக்கு சார். நேத்து கொஞ்சம் பயந்துட்டேன்” என்றாள். நானும் என்று சொல்லியிருக்கலாம், சொல்லி அதோடு விட்டிருக்கலாம். “கௌசல்யா, அதத் திங்கக்கிழமை அழிச்சது நாந்தாம்மா” என்றேன். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை, இரண்டு பெயர், டைப்ரைட்டர், கொம்பு, ள, பீரோ, மஸ்கட், வைரஸ் என்று சொல்ல இருந்ததுகூட. கடைசியில் அந்தச் சான்றிதழ். ஆறு நகல் என் ஃபோல்டரில் இருக்கிறது, அது சர்வரில் எப்போதும் இருந்தது, உன் பெயரைப் போட்டுத் தேடினால் வராது, ஏனென்றால் அது உன் பெயர் இல்லை.

கருவியைக் கழற்றி மடியில் வைத்தாள். “நாலாவது தடவ போனப்பம் அம்மா ஏசிட்டாங்க சார்” என்றாள். “நீ ஒழுங்காக் கொடுத்திருக்க மாட்ட, கண்ணு தெரியாதவன்னு எவனோ கீழ போட்டிருப்பான், நீயும் பேசாம வந்திருப்பன்னு. நான் ஒழுங்காத்தான் கொடுத்தேன்னு சண்ட போட்டேன். அப்புறம் எனக்கே சந்தேகம், ஒருவேள வேற தாளக் கொடுத்துட்டமோன்னு. அதுக்கப்புறம் கொடுக்கதுக்கு முந்தி யார்ட்டயாவது காட்டி, இது சான்றிதழ்தானான்னு கேட்டுட்டுத்தான் கொடுப்பேன்.” மன்னிச்சுக்கம்மா என்றேன், அந்த வார்த்தை போதாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. “அம்மாட்ட நீங்க ஒரு தடவ பேசணும் சார்” என்றாள். “ஃபோன்ல போதும். நான் சரியாத்தான் கொடுத்தேன்னு சொல்லணும்.” சொல்லுதேன், இன்னைக்கே சொல்லுதேன் என்றேன். அப்போதுதான் லேசாகச் சிரித்தாள்.

“முதல்ல அந்தப் பேர மாத்துங்க சார், நான் கேக்கேன்” என்று தன் விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினாள். ஒலியை வெளியே திருப்பி வைத்தாள். கை தானாகக் கொம்புக்குப் போயிற்று. கெ என்றது இயந்திரம். அது இல்ல சார். அழித்தேன். க அடித்துவிட்டு ஔவைத் தேடினேன், கண்ணாடியை மூக்கில் இறக்கி, சாவி சாவியாக. ஷிஃப்டுக்குப் பக்கத்துல சார், கடைசி வரிசையில முதல் சாவி. ஐம்பத்தொரு வயது வரைக்கும் அந்தச் சாவியை நான் தொட்டதில்லை. தொட்டேன். மெதுவாக மிச்சத்தையும் அடித்தேன், ச, ல், யா, பக்கத்திலேயே சான்றிதழ்கள் என்றும் சேர்த்தேன். சரியா என்று என் கண்ணால் பார்க்கவில்லை, பார்த்துப் பிரயோஜனமில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சாவியை அழுத்தினேன். இயந்திரம் கௌசல்யா என்றது.

“நாந்தான்” என்றாள்.